பெற்றோர் விருப்பம்: மலையகப் பெண்களின் திருமணத் தீர்மானங்கள் – ஒரு நூற்றாண்டுப் பார்வை

நம் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் கடிதம் அனுப்பியபோது, இப்பாடசாலையிலிருந்து வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் சட்டத்தரணிகளாகவும் உருவானவர்களைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் நினைத்தோம். அதற்காக எங்கள் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேர், அதிபரின் அனுமதியோடு, ஒரு சனிக்கிழமை முழுவதும் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினோம். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன் என்று போகும் அந்த இடாப்பின் கடைசி நிரலில் "விலகிய காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் வேலை அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது.

"வேறு பாடசாலை", "இந்தியா பயணம்", "தொடர்ந்து வரவில்லை" என்பவற்றுக்கு இடையில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் "பெற்றோர் விருப்பம்". 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு நேரே அப்படி எழுதியிருந்தது. கல்யாணம் என்ற சொல்லை அங்கே காண்பது அரிது. ஆனால் இந்த மலையில் வளர்ந்த நமக்கு அந்த இரண்டு சொற்களின் பொருள் தெரியும். சில பிள்ளைகள் வீட்டுவேலைக்குக் கொழும்புக்குப் போனார்கள், சிலர் தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் நின்றார்கள், பலர் தாலி கட்டிக்கொண்டார்கள்.

படித்து மேலே போனவர்களின் வரலாற்றைப் பிறர் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் நின்றுபோனவர்களின் கல்யாணத்தை உண்மையில் யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பது எங்கள் நோக்கம். எல்லாவற்றையும் பெற்றோர்தான் விரும்பினார்களா என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

கங்காணியின் காலம்

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களோடு நம் பழைய மாணவிகள் சிலரும் சில மைல் தூரம் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்ததும் நம் பெண்களின் வாழ்க்கையை மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும்; பெண்கள் வரக் குடும்பங்கள் வேண்டும். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் குடியேறினார்கள்.

இங்கே ஒரு பெண் பிள்ளை என்றால் உழைக்கும் கை. அவள் பேர் செக்ரோலில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு சம்பளம் கூடியது. அச்சம்பளத்தை முதலில் தகப்பனும் பிறகு புருஷனும் வாங்குவது வழக்கம். ஆகவே பெண்ணைக் கட்டிக்கொடுப்பது ஒரு வீட்டின் வருமானத்தை இன்னொரு வீட்டுக்கு மாற்றுவதாகவும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண் எடுத்த வழக்கத்தையும், அத்தை மகன், மாமன் மகன் என்று முறைக்குள்ளேயே முடித்ததையும் வெறும் ஊர்ப்பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே சொந்தம். அவர்கள் பட்ட கடனும் அவரிடமே இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கடன் விபரம் எழுதிய "துண்டு" வேண்டும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. துண்டு இல்லாமல் ஒரு குடும்பம் நகர முடியாத இடத்தில் பெண் எங்கே கட்டிப் போவாள்? அதே தோட்டத்தில், அதே கங்காணியின் ஆட்களுக்குள்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் ஐயராக இருக்கலாம். புதுத் தம்பதிக்குக் காம்பிரா உண்டா, பேர் எந்தப் பக்கம் பதிவது என்பதைச் சொன்னவர்கள் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும்.

சட்டம் என்ன செய்தது? 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணின் மிகக் குறைந்த வயதை 12 என்று வைத்தது. ஐரோப்பியர், பறங்கியர் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் 14. அந்த 12க்கும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கோவிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. பதிவாளரிடம் போனவர்கள் குறைவு. பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகள் ஏராளம் இருக்கும்போது வயதை எங்கே தேடுவது? பெண் பெரிய மனுசியானதே வயதுக்குச் சாட்சி.

நம் பாடசாலையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் நம் வகுப்பறைகளில் இருந்தவர்கள் நகரத்துக் கடை முதலாளிமார், பெரிய கங்காணிமார், தோட்ட உத்தியோகத்தர் ஆகியோரின் மகள்மார். லயத்துப் பிள்ளைக்குத் தோட்டப் பாடசாலை. அதுவும் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளை வெளியே விட்டுவிட்டது. ஆனால் பெரிய கங்காணியின் மகளுக்கும் கல்யாணத்தில் தன் சொல் இருந்ததாக நினைக்க வேண்டாம். அவளும் சடங்குக்குப் பிறகு பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். அவளுக்காக மாப்பிள்ளை பார்க்கத் தகப்பன் கப்பலேறி ஊருக்குப் போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி எப்போது வந்தாள்?

ஊருக்குப் போய்ப் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரு கரையையும் இணைத்த பாலமாக இருந்தன. அந்தப் பாலம் படிப்படியாக இடிந்தது. 1939இல் இந்திய அரசு, தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. பிறகு சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அச்சட்டப்படி பிரஜாவுரிமை தகப்பன் வழியில் வருவது. தகப்பனோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததைக் காட்ட வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கில் இல்லை. இந்நிலை 2003இல் திருத்தச் சட்டம் வரும் வரை நீடித்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறப்பதாகச் சொன்னது. 1946 ஜனவரி 1க்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும், மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையை இன்றைய பெண்கள் கவனித்து வாசிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் ஆணின் மனைவி, கல்யாணமாகி ஓராண்டு நிறைவதற்குள் இலங்கையில் வந்து குடியேறி, விண்ணப்பத் திகதி வரை தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கல்யாணம் எப்போது நடந்தது, மனைவி எந்த மாதம் கப்பலேறினாள், மாமியாரைப் பார்க்க ஊரில் எத்தனை நாள் தங்கினாள் என்பதெல்லாம் அரசாங்க விசாரணையானது. பதிவு செய்யாத கல்யாணத்துக்குத் திகதியை எங்கே காட்டுவது? முன்பு தேவைப்படாத கடதாசி இப்போது உயிராகிவிட்டது. சுமார் 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போய், சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

அதன் பிறகு பெண் கேட்டு வருபவர்களிடம் ஒரு புதிய கேள்வி சேர்ந்துகொண்டது. குலம், முறை, சாதகம் கேட்ட வாயால் "மாப்பிள்ளைக்குச் சிட்டிசன் இருக்கா?" என்றும் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. உரிமை தகப்பன் வழியில்தான் போகும் என்றால், நாடற்றவனைக் கட்டிய பெண்ணின் பிள்ளைகளும் நாடற்றவர்களே. பிரஜாவுரிமை உள்ளவன் வயது கூடியவனாக இருந்தாலும், இரண்டாந்தாரமாகக் கேட்டாலும், பேரப்பிள்ளைகளை நினைத்துத் தலையாட்டிய பெற்றோர் இருந்தார்கள். அந்தப் பெற்றோரின் விருப்பத்தை எழுதிய கை எது என்று இப்போது யோசிக்கிறோம்.

ஒப்பாரிக் கோச்சி

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டங்களில் குடும்பங்கள் மூடிய கதவுக்குள் உட்கார்ந்து எந்த நாட்டுக்கு எழுதிப் போடுவது என்று பேசின. இலங்கைக்கு எழுதினால் கிடைக்காமல் போகலாம். இந்தியாவுக்கு எழுதினால் தெரியாத மண்.

இந்தக் குழப்பத்தில் வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்தன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி சொன்ன கதையை இங்கே பதிகிறோம். இதே கதை நம்மில் பலர் வீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் மாறி இருக்கும். அவருடைய பெற்றோர் இந்தியாவுக்கு எழுதினார்கள். மாமன் வீட்டார் இலங்கைக்கு எழுதினார்கள். "எல்லாரும் ஒரே பக்கம் போயி மாட்டிக்கிடக் கூடாது, ஒரு புள்ளயாவது இங்க வேர் விடட்டும்" என்று தகப்பன் நினைத்தார். 16 வயதில் மாமன் மகனுக்குக் கட்டி வைத்தார். சில ஆண்டுகளில் பெற்றோருக்கும் தம்பிமாருக்கும் பாஸ்போட் வந்தது. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்குப் போனார்கள். கைக்குழந்தையோடு ஸ்டேசனில் நின்ற மகள் தாயை அதன் பிறகு பார்க்கவே இல்லை. மலையகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு நம் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

"உங்க கல்யாணத்த யாரு பாட்டி முடிவு பண்ணது?" என்று தோழி ஒருநாள் கேட்டாளாம். "எங்கப்பாவும் இல்ல, எங்க மாமாவும் இல்ல. கடதாசிதான் முடிவு பண்ணுச்சி" என்றாராம் பாட்டி.

எதிர்ப்பக்கக் கதைகளும் உண்டு. இந்தியப் பாஸ்போட் உள்ளவனைக் கட்டியதால் பிறந்த வீட்டாரை இங்கே விட்டுப் போனவர்கள் பலர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் அக்காமாரே, உங்கள் தாய்மாரின் பெயர்கள் நம் இடாப்பில் "இந்தியா பயணம்" என்ற வரியில் இருக்கின்றன. 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் மலையின் ஒவ்வொரு லயத்திலும் ஒரு தாயோ மகளோ கடலுக்கு அந்தப் பக்கம்.

பசியும் பயமும் ஒரு புதிய கடதாசியும்

1973, 74ஆம் ஆண்டுகளின் பசியைப் பற்றி நம் தாய்மார் இன்றும் பேச விரும்புவதில்லை. மாவும் அரிசியும் இல்லாத அந்நாட்களில் ஒரு வாய் குறையட்டும் என்று கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள் உண்டு. 1972இலும் 75இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் வேலையும் இருப்பிடமும் ஆட்டம் கண்டன. 1977, 1981, 1983 வன்செயல்களின்போது வயசுப் பிள்ளையை வைத்திருந்த பெற்றோர் இரவெல்லாம் கண் விழித்தார்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்கள் போகிற வழியிலேயே பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்ததும் நடந்தது. பயத்தில் முடிவான கல்யாணத்துக்குப் பெயரும் பெற்றோர் விருப்பம்தான்.

ஆனால் அதே காலத்தில் நிலம் மெதுவாக வேறு பக்கமாகவும் அசைந்தது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. லயத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு நகரப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். நம் இடாப்பில் தகப்பன் தொழில் என்ற நிரலில் "தோட்டத் தொழிலாளி" என்பது நிறைய வரத் தொடங்குவது அதன் பிறகுதான். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆயிற்று. 1986, 1988 சட்டங்களால் நாடற்றிருந்த பெரும்பாலோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனங்கள் வந்தன. 1990களில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து நம் அக்காமார் சேலை கட்டிய ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

துண்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், பாஸ்போட் என்று நம் பாட்டிமாரின் கல்யாணத்தை முடிவு செய்த கடதாசிகள் எல்லாம் ஆண்கள் பெயரில் வந்தவை. நியமனக் கடிதம்தான் பெண்ணின் பெயரை முதலில் எழுதிக்கொண்டு லயத்துக்கு வந்த கடதாசி.

எங்கள் வகுப்பு

1995இல் பதிவு விவாகத்துக்கான குறைந்த வயது இரு பாலாருக்கும் 18 ஆக உயர்த்தப்பட்டது. நாங்கள் அப்போது சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கி இருந்தோம். அந்தச் செய்தி எங்கள் வகுப்புக்கு வந்ததாகவே நினைவில்லை. வந்திருந்தால் ஒருத்தியைப் பற்றி அன்றே பேசியிருப்போம்.

அவள் கணிதத்தில் எங்கள் எல்லோருக்கும் முதல். பெயர் வேண்டாம்; எங்கள் வகுப்பார் யாரென்று அறிவார்கள். இரண்டாம் தவணை முடிவில் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, கண் மூடுவதற்குள் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மாமன் மகன் கொழும்பில் கடையில் நின்றான். கெட்ட பையன் இல்லை. கோவிலில் தாலி கட்டினார்கள். நாங்கள் ஆளுக்கு ஐந்து ரூபா போட்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாப்பிட்டோம், வாழ்த்தினோம், மழைக்கு முன் திரும்பினோம். ஒருத்தியாவது அவளிடம் "உனக்கு இது சம்மதமா?" என்று கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. பரீட்சை மண்டபத்தில் அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை காலியாக இருந்தது.

அதே ஆண்டு எங்களில் இன்னொருத்திக்கும் அப்படியே பேச்சு எழுந்தது. அவளுடைய வகுப்பாசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, இரண்டு மைல் மலையேறி, அவள் தகப்பனிடம் போனார். பெண்ணுரிமை, சட்டம் எதையும் பேசவில்லை. "அண்ணன், இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க. மாப்பிள்ள எங்கயும் ஓடிற மாட்டாரு. சோதனை திரும்பி வராது" என்று மட்டும் சொன்னார். தகப்பன் கொஞ்சம் யோசித்து, "சரிங்க டீச்சர், பாப்போம்" என்றார். அந்த இரண்டு வருடம் நான்காகி, பல்கலைக்கழகமாகி, அவள் இன்று வைத்தியர்.

இரண்டு வீடுகளிலும் பெற்றோர் பிள்ளையை நேசித்தார்கள். மாப்பிள்ளைகளில் குற்றம் இல்லை. இரண்டு பெண்களும் எதிர்த்துப் பேசவில்லை. வித்தியாசம் ஒரு தவணை கிடைத்ததில்தான். நூறு ஆண்டுகளில் நம் பாடசாலை நமக்குத் தந்தவற்றை வரிசைப்படுத்தினால் ஆங்கிலம், ஒழுக்கம், சான்றிதழ் என்று எழுதுவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் அது நமக்குத் தவணை வாங்கித் தந்தது. "படிக்கிற புள்ள" என்ற இரண்டு சொற்கள் பெண் கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பப் போதுமாயிருந்தன.

இன்று கிளினிக்கில்

எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத்துறைக்குப் போனவர்கள் இன்று தோட்டப்புறத் தாய்மார் கிளினிக்குகளில் உட்கார்ந்திருக்கிறோம். 16, 17 வயதில் வயிற்றுப் பிள்ளையோடு வருபவர்கள் இன்னும் வருகிறார்கள். வளர்ந்து முடியாத உடலில் இரத்தச்சோகை, உயர் இரத்த அழுத்தம், நிறை குறைந்த குழந்தை என்று ஆபத்துகள் கூடுகின்றன. மருத்துவமாது அந்த அட்டைகளைத் தனியாக எடுத்து வைக்கிறார். 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி அது குற்றச்செயல். வீட்டார் வயதைக் கூட்டிச் சொல்வதற்கும், கிளினிக்குக்கே வராமல் ஒளிப்பதற்கும் அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இப்பிள்ளைகளில் பலரைப் பெற்றோர் கட்டி வைக்கவில்லை. அவர்களே கூடிப் போனவர்கள். "யாரும்மா முடிவு பண்ணது?" என்று கேட்டால், "நான்தான் மிஸ்" என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். முதலில் கேட்டபோது எங்களுக்குப் பதில் வரவில்லை. நம் பாட்டிமாருக்குக் கிடைக்காத சொல் இவளுக்குக் கிடைத்துவிட்டதே!

மெதுவாக விசாரித்தால் கதை வேறாக விரிகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர். சேலையால் மறைத்த மூலையில் அண்ணனும் அண்ணியும். அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலை. அப்பா மாலையில் குடி. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. மறுபடி எழுதச் சொல்ல ஆளில்லை. கொழுந்து மலைக்குப் போகப் பிடிக்கவில்லை. கொழும்புக் கடைக்கோ கார்மண்ட்ஸுக்கோ போனால் ஊர் பேசும். கையில் போன், போனில் அன்பாகப் பேசும் ஒருவன். அவளுக்கு முன்னால் இருந்த ஒரே கதவு அது. அவள் அதைத் திறந்தாள். தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்தாள். குறைந்தது இரண்டு வழி இருந்து, யோசிக்கக் காலமும் இருந்தால்தானே அது தீர்மானம்? பாட்டியின் காலத்தில் வழியை அடைத்தது கடதாசி. பேத்தியின் காலத்தில் அடைப்பது காம்பிராவின் நெருக்கமும் சித்தியடையாத ஒரு பாடமும்.

பதிவு விடயத்திலும் பழைய கதையே தொடர்கிறது. வயது போதாததால் பதிவு செய்யாமல் தாலி மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். 18 ஆன பிறகும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகப்பன் விபரம் சேர்க்கும்போதும், புருஷன் இறந்த பின் சேமலாப நிதி எடுக்கும்போதும்தான் அந்தக் கடதாசி நினைவுக்கு வருகிறது. நம் மக்களை ஒரு காலத்தில் கடதாசி இல்லாமை நாடற்றவர்களாக்கியது என்பதை நாமாவது மறக்கக் கூடாது. தோட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி பதியாமல் இருந்தால் பதிவாளரிடம் கூட்டிப் போங்கள்.

படித்த நாங்கள்

படித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். பரிசம் வாங்கிப் பெண் கொடுத்த பூட்டியின் கொள்ளுப்பேத்திகள் நாங்கள். எங்களுக்கோ நகை, ரொக்கம், நகரத்தில் காணி என்று மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் தந்தார்கள். பட்டம் கூடக் கூடப் பட்டியலும் நீண்டது. லயத்தில் பிறந்ததை மறைக்கச் சொன்ன தரகர்கள் இருந்தார்கள். எல்லாப் பொருத்தமும் பார்த்த பின் சாதியில் நின்றுபோன பேச்சுகள் இருந்தன. எங்களில் சிலர் 30ஐக் கடந்து மணந்தோம். சிலர் விரும்பியவரை மணந்து, வீட்டாரோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்தோம். சிலர் தனியாகவே வாழ்கிறோம். அதில் குறையில்லை என்று சொல்லப் பழகிவிட்டோம். டொரொண்டோவிலும் லண்டனிலும் உள்ள நம்மவர்கள் தங்கள் மகள்மாருக்குப் பேச்சு எழும்போது மீண்டும் "என்ன ஆக்கள்?" என்று கேட்பதாகவும் அறிகிறோம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தை மறுக்க முடியாது. எங்களால் "இல்லை" என்று சொல்ல முடிந்தது. சொன்ன பிறகும் எங்களுக்குச் சம்பளம் வந்தது, கதவுள்ள ஓர் அறை இருந்தது. எங்கள் தாய்மார் இல்லை என்று சொல்லியிருந்தால் எங்கே போயிருப்பார்கள்?

ஒரு வேண்டுகோள்

மீண்டும் அந்த இடாப்புக்கு வருகிறோம். கணிதத்தில் முதலாக இருந்த எங்கள் தோழியின் வரியையும் தேடிப் பார்த்தோம். அதே இரண்டு சொற்கள், நல்ல கையெழுத்தில். அவள் இன்று ஹட்டனுக்கு அருகில்தான் இருக்கிறாள். பிள்ளைகளின் பாடக் கொப்பிகளைத் தானே பார்க்கிறாள். சங்கத்தின் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டோம். "நான் பாதியில நின்னவ தானே, எனக்கு எப்படி அங்க இடம்?" என்றாள். நம் அங்கத்துவப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். உயர்தரம் எழுதிய ஆண்டைக் கேட்கிறது. அவளுக்கு அதில் நிரப்ப ஒன்றும் இல்லை.

ஆகவே இந்நூற்றாண்டில் சங்கத்திடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, படிவத்தில் அந்தக் கேள்வியை மாற்றி, பாடசாலையில் சேர்ந்த ஆண்டைக் கேளுங்கள். இடாப்பில் பெயர் ஏறிய ஒவ்வொருத்தியும் நம் பழைய மாணவி. என்ன காரணத்தால் விலகினாலும் சரி. இரண்டாவது, சாதாரண தரத்தில் ஒரு பாடம் தவறி வீட்டில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பொன்று தொடங்குங்கள். ஆசிரியைகள் நம்மிடமே இருக்கிறார்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் பஸ் காசுக்கு உதவட்டும். மறுபடி எழுத ஓர் ஆண்டு, அதன் பிறகு ஒரு பயிற்சிநெறி என்று இரண்டு வழிகள் தெரிந்தால், "பொறுங்க, பார்ப்போம்" என்று அவளே சொல்வாள்.

அந்த வகுப்பில் முதலாவதாகக் கணிதம் கற்பிக்க யாரைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். கேட்டும்விட்டோம். "பிள்ளைகளின் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றவள், மறுநாள் காலையில் போன் எடுத்து, "கேக்கல. நானே வாறேன்" என்றாள்.